புது நூல், பழைய பெல்ட்

காரை நம்பிப் பிழைக்கிறவர்களில் இஞ்சின் பார்க்கிறவனுக்கு மரியாதை உண்டு, சாயம் அடிக்கிறவனுக்குக் கைநிறையக் கூலி உண்டு, டயர் மாற்றுகிறவனுக்குக்கூட ஒரு தேத்தண்ணி உண்டு. பழைய காரின் சீட் பெல்ட்டைப் புரட்டிப் பார்த்து "இது அசல், இது போலி" என்று சொல்கிறவனுக்குத் திட்டு மட்டும்தான் உண்டு.

நான் அந்தக் கடைசி ரகம். எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் மலேசியாவில் கோலா சிலாங்கூர் டவுனில், லிம் என்ற சீனத் தவுக்கேயின், அதாவது முதலாளியின், குஷன் கடையில் வேலை பார்த்தேன். கார் சீட்டுக்கு உறை தைப்பது, கூரைத் துணி மாற்றுவது, பெல்ட் பொருத்துவது எங்கள் தொழில். பெல்ட்டைப் பார்த்து ஜாதகம் சொல்லும் வேலை இடையில் வந்து ஒட்டிக்கொண்டது. உங்களில் யாராவது ஒரு பொருளைப் பார்த்து உள்ளதை உள்ளபடி சொல்லி, அதற்காக நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவர் இருந்தால், பக்கத்தில் வந்து உட்காருங்கள். உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியிருக்காது.

கண்ணுக்குத் தெரிந்தால் போதும்

முன் சீட்டில் உட்காருகிறவர்கள் பெல்ட் போட்டே ஆக வேண்டும் என்று சட்டம் வந்த புதிதில், எங்கள் கடை வாசலில் கார்கள் வரிசை பிடித்து நின்றன. தஞ்சோங் காராங்கிலிருந்து ஒரு வாடகைக்கார் ஓட்டுநர் வந்தார். பெல்ட்டின் முனையைக் காரின் தரையில் துளை போட்டு, போல்ட் வைத்து முடுக்க வேண்டும். அவர் அதெல்லாம் வேண்டாம், சீட் உறையோடு சேர்த்துத் தைத்துவிடு என்றார். மோதினால் பெல்ட்டும் உறையும் நீங்களும் சேர்ந்து கண்ணாடி வழியாக வெளியே போவீர்கள் என்று எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு, தையலுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்றார்.

இன்னொன்றும் சொன்னார்; அது அவர் மட்டும் சொன்னதல்ல, வந்தவர்கள் எல்லாரும் சொன்னது. பெல்ட்டின் உள்பக்கத்தில் தீப்பெட்டி அளவில் ஒரு துணி லேபிள் தைத்திருக்கும். செய்த கம்பெனி, செய்த மாதம், வருஷம் எல்லாம் அதில் அச்சடித்திருக்கும். அதன் மூலை கழுத்தில் குத்தும், வேர்வை பட்டால் அரிக்கும். நாலு மூலையிலும் கத்தரியை வைத்து நறுக்கென்று எடுத்துவிடுவேன். கெட்டியான துணி, சீட் உறையில் கிழிந்த இடத்துக்கு உள்ளே வைத்துத் தைக்க உதவும் என்று மேசை மேலிருந்த பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பேன். வந்த கார்களுக்கெல்லாம் இந்தச் சேவையைக் கேட்டும் கேட்காமலும் செய்தேன், அதற்குக் கூலியும் வாங்கவில்லை.

வாடகைக்கார் ஓட்டுநர் கிளம்பும்போது, போல்ட் விஷயத்தை நான் மறுபடியும் ஆரம்பித்தேன். அவர் காரை ஸ்டார்ட் செய்துகொண்டே சொன்னார்: "போலீஸ்காரன் பாக்குறதுக்குத்தானேப்பா பெல்ட்டு, அவன் என்ன உள்ள வந்து போல்ட்டையா எண்ணப் போறான்?"

மூன்று தாள்

சில வருஷம் கழித்து, கோலாலம்பூரிலிருந்து செல்வநாதன் என்ற வழக்கறிஞர் கடைக்கு வந்தார். என் வயதுதான் இருக்கும். அவருக்குப் பழைய எட்டு சிலிண்டர் கார்களைச் சேர்க்கும் பைத்தியம். மஸல் கார் என்பார். முன்னால் மூக்கு நீண்டு, இரண்டே கதவோடு, பெட்ரோலைத் தண்ணீராகக் குடிக்கும் அமெரிக்கக் கார்களும் ஆஸ்திரேலியக் கார்களும். அந்தக் காலத்துத் தோட்டத் துரைமார்கள் சிலர் அவற்றைக் கப்பலில் வரவழைத்து ஓட்டினார்கள். ஊருக்குத் திரும்பிப் போகும்போது கிடைத்த கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். அப்படிக் கிடைத்த ஒரு காரின் பெல்ட்டுகளைக் கழுவி, பிரிந்த தையலைச் சரிசெய்யக் கொண்டுவந்திருந்தார்.

கைப்பழக்கம் யாரை விட்டது? பெல்ட்டைப் புரட்டினேன், லேபிளைப் பார்த்தேன், கத்தரியை எடுத்தேன். அவர் பாய்ந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நிதானத்துக்கு வந்த பிறகு விளக்கினார். இஞ்சினை மாற்றலாம், சாயத்தை மாற்றலாம், யாரும் சீட் பெல்ட்டை மாற்றி ஏமாற்ற நினைப்பதில்லை. அதனால் கார் அசலா என்று பார்க்கிறவன் முதலில் பெல்ட்டைத்தான் பார்ப்பான். லேபிளில் உள்ள மாதம் கார் செய்த மாதத்துக்குச் சற்று முன்னால் இருக்க வேண்டும். பெல்ட்டைப் பூட்டுகிற பக்கிளில் பிளாஸ்டிக் பட்டன் இருந்தால் சாதா, தேய்த்த உலோகம் இருந்தால் உயர்ந்த ரகம். எல்லாவற்றையும்விட அரியது, இடுப்புப் பெல்ட்டோடு சேராமல் தோளுக்குக் குறுக்கே தனியாகப் போடும் தோள் பெல்ட். அன்றைக்குத் தனியாகப் பணம் கட்டிக் கேட்டவர்களுக்கு மட்டும் கொடுத்தார்கள், அநேகமாக யாரும் கேட்கவில்லை. இதையெல்லாம் இங்கிலீஷில் போட்டிருந்த மூன்று நகல் தாள்களை எனக்குக் கொடுத்தார். "இந்த லேபிள்தான் மணியம், காரோட பிறப்புப் பத்திரம்" என்றார்.

அவர் போன பிறகு தவுக்கே லிம் பிஸ்கட் டின்னைத் திறந்து பார்த்தார். தோட்டத்து ஆட்களோடு பழகிப் பழகி அவருக்குத் தமிழ் நன்றாகவே வரும். மூடியை மெதுவாகத் திரும்ப மூடிவிட்டு, பிறப்புப் பத்திரத்துக்கு மட்டும் மலாய்ச் சொல்லைப் போட்டுச் சொன்னார்: "இத்தன வருசமா நீ காரோட சூராட் பெரானாக்க வெட்டி வெட்டி பிஸ்கட் டின்னுல போட்டுருக்க லா, மணியம்."

தொட்டில்

செய்த பாவத்துக்குப் பரிகாரம் போல அந்த மூன்று தாளையும் அகராதி வைத்துப் படித்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போய்ப் பழைய கார்களைப் பார்த்தேன். கண்டுபிடித்ததை வழக்கறிஞருக்குப் போன் போட்டுச் சொல்வேன். பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில், சின்ன துரை விட்டுப்போன அமெரிக்கக் காரின் எலும்புக்கூடு கிடந்தது. கதவு இல்லை, இஞ்சின் இல்லை, உள்ளே கோழி முட்டை வைத்திருந்தது. ஆனால் ஜன்னலுக்கு மேலே, கூரை ஓரத்தில், தோள் பெல்ட்டை மடித்துச் செருகி வைக்கும் கொக்கி இருந்தது. பெல்ட் மட்டும் இல்லை. கத்தியால் அறுத்து எடுத்திருந்தார்கள்.

விசாரித்தேன். தொழிலாளர் லயத்தில் ஒரு வீட்டைக் காட்டினார்கள். உள்ளே சாரோங் தொட்டிலில் ஒரு கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. தொட்டில் ஒரு ஸ்பிரிங்கில் தொங்கியது. ஸ்பிரிங்கை உத்திரத்தோடு கட்டியிருந்தது நான் தேடிவந்த தோள் பெல்ட். முக்காலி போட்டு ஏறிப் பார்த்தேன். லேபிள் அப்படியே இருந்தது, ஒரு நூல்கூடப் பிரியவில்லை. என் வாழ்க்கையில் நான் வெட்டாத லேபிளைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. குழந்தையின் அம்மா வேலை முடிந்து வந்து, கால் கழுவாமல் வாசலிலேயே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் முக்காலியில் நின்றபடியே பிரசங்கம் செய்தேன். இது இந்த நாட்டிலேயே நாலைந்து இடத்தில்தான் இருக்கும், ரொம்ப அபூர்வமான சாமான், புது நைலான் கயிறு வாங்கித் தருகிறேன், விலையும் தருகிறேன் என்றேன். அவள் முழுவதையும் கேட்டாள். பிறகு என்னைக் கீழே இறங்கச் சொல்லிவிட்டுச் சொன்னாள்: "கயிறு அறுந்து எம்புள்ள ஒருவாட்டி கீழ விழுந்துருச்சுண்ணே, இது வந்த பொறவு விழல, அதனால எங்களுக்கும் இது அபூர்வமான சாமான்தான்."

பாசிர் பெனம்பாங்கில் கிடைத்த பேர்

ஆற்றுக்கு அந்தப் பக்கம் பாசிர் பெனம்பாங்கில் ஒரு மீன் தவுக்கே இருந்தார். நாலு படகு, ஒரு ஐஸ் கிடங்கு, ஷெட்டில் ஒரு ஆஸ்திரேலிய எட்டு சிலிண்டர் கார். பெல்ட் அந்தக் காருக்கே உரியது, தேய்த்த உலோகப் பக்கிளோடு என்று சொல்லி வழக்கறிஞரை வரவழைத்திருந்தார். வழக்கறிஞர் என்னையும் கூட்டிப் போனார்.

நான் பெல்ட்டைப் புரட்டினேன். லேபிள் இருந்தது. எழுத்து சரி, மாதம் சரி. ஆனால் சுற்றித் தைத்திருந்த நூல் பளிச்சென்று வெள்ளையாக, நேற்றுத் தைத்தது போல இருந்தது. மீன் தவுக்கே மலாயில் விளக்கம் சொன்னார். நாய் கடித்து லேபிள் தொங்கிப் போயிற்றாம், மனைவிதான் ஊசி நூல் எடுத்துத் திரும்பத் தைத்தாளாம். அந்த அம்மாள் பக்கத்திலேயே இறால் உரித்த கையோடு நின்றுகொண்டிருந்தார். நான் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வழக்கறிஞரைத் தனியே அழைத்து, "புது நூல்னா போலி, சார். வேற கார்லேருந்து லேபிளப் பிரிச்சுக் கொண்டாந்து தச்சிருக்காங்க" என்றேன். வியாபாரம் முறிந்தது. திரும்பும் வழியில் வழக்கறிஞர், இனி நூலைத்தான் முதலில் பார்ப்பேன் என்று இரண்டு தடவை சொன்னார். எனக்குக் கால் தரையில் படவில்லை. கத்தரி பிடித்த கைக்கு ஒரு பேர் கிடைத்துவிட்டது.

நாங்கள் கிளம்பும்போது மீன் தவுக்கே கோபப்படவில்லை, சத்தம் போடவில்லை. கார் ஜன்னலில் குனிந்து என்னிடம் மட்டும் மலாயில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "நூலைப் பார்த்தாய், பெல்ட்டைப் பார்த்தாய்; தைத்தவள் பக்கத்திலேயே நின்றாள், அவளை ஒரு வார்த்தை கேட்டாயா?"

கழுத்தில் குத்தியது

ஈஜோக் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவர் இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவருடைய மனைவி சரோஜாம்மா, தோட்டத்தில் எல்லாருக்கும் கிராணியம்மா. தோட்டம் கைமாறிவிட்டது, கிராணி வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்துவிட்டது. ரவாங்கில் தொழிற்சாலை வேலைக்குப் போகும் மகள், அங்கே ஒரு மலிவு வீட்டுக்குப் பேர் கொடுத்திருந்தாள். மாதக் கடைசிக்குள் முன்பணம் கட்ட வேண்டும். அவர்களிடம் இருந்த சொத்து ஒன்றே ஒன்று: பெரிய துரை ஊருக்குப் போகும்போது கிராணியாருக்கு விட்டுச்சென்ற நீலநிற அமெரிக்கக் கார். வழக்கறிஞர் காரை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, மடித்துச் செருகியிருந்த பெல்ட்டை இறக்கிப் பார்க்காமல் போயிருந்தார். தோள் பெல்ட் அசல் என்று மணியம் சொன்னால் நல்ல விலைக்கு எடுத்துக்கொள்கிறேன், முன்பணத்துக்கு மேலேயே வரும் என்று கிராணியம்மாவிடம் சொல்லியிருந்தார். ஆக, ஒரு குடும்பத்துக்கு வீடு கிடைப்பதும் கிடைக்காததும் என் வாயில் இருந்தது.

போனேன். கொட்டகையில் தார்ப்பாய் போர்த்தி, தூசி படாமல் துடைத்து வைத்திருந்தார். கதவைத் திறந்து நிமிர்ந்து பார்த்தேன். இரண்டு பக்கமும் ஜன்னலுக்கு மேலே தோள் பெல்ட்டுகள் மடித்த மடிப்புக் கலையாமல் கொக்கியில் இருந்தன. ஓட்டுநர் பக்கத்துப் பெல்ட்டை இறக்கிப் புரட்டினேன். வெளுத்த நீலத்தின் நடுவில் தீப்பெட்டி அளவில் வெளுக்காத நீலம் இருந்தது. லேபிள் இருந்த இடம். நாலு மூலையிலும் நூல் குச்சம். நான் இடதுகைக்காரன், என் கத்தரி வெட்டு மற்றவர்கள் வெட்டுக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும். இந்த வெட்டும் அப்படித்தான் சாய்ந்திருந்தது. மற்றப் பெல்ட்டையும் பார்த்தேன். ஒரு பக்கம் வெட்டினால் மறுபக்கத்தையும் வெட்டிக் கொடுப்பது என் வழக்கம்.

சட்டம் வந்த வருஷம் கிராணியார் இந்தக் காரை எங்கள் கடைக்குக் கொண்டுவந்தது மெல்ல மெல்ல ஞாபகத்துக்கு வந்தது. வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்த தலை, காலர் பக்கம் தடித்துச் சிவந்திருந்த கழுத்து. கிராணியம்மா காப்பியை நீட்டிக்கொண்டே சிரித்த முகமாகச் சொன்னார்: "நீங்கதானே தம்பி வெட்டிக் குடுத்தீங்க, அதுக்கப்புறம் கழுத்துல குத்தவே இல்லன்னு சாகுற வரைக்கும் உங்களப் பத்தி நல்லபடியாத்தான் பேசுவாரு."

கொஞ்சம் தேத்தண்ணி

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிஸ்கட் டின்னை மேசையில் கவிழ்த்தேன். எத்தனை பேர் கழுத்தைக் காப்பாற்றியிருக்கிறேன் என்று அன்றுதான் தெரிந்தது. குவியலாக இருந்தது. பாதிக்கு மேல் ஜப்பான் கார்களுடையவை. அவற்றை ஒதுக்கினேன். எழுத்து அழிந்தவற்றை ஒதுக்கினேன். தவுக்கே லிம் தன் சோற்றுப் பொட்டலத்தை மூடி வைத்துவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்து அவரும் பொறுக்கினார். இரண்டாம் நாள் கிடைத்தன. ஒரே கம்பெனி, ஒரே மாதம், இரண்டு லேபிள்கள். பின்பக்கம் நீலச் சாயம் ஒட்டியிருந்தது.

ஈஜோக்கிலிருந்து நான் கழற்றிக்கொண்டு வந்திருந்த பெல்ட்டின் மேல் வைத்தேன். வெளுக்காத நீலத்துக்கு மேல் ஒரு மயிரிழை கூடாமல் குறையாமல் உட்கார்ந்தது. பழைய தையல் துளையும் லேபிளின் துளையும் ஒன்றுக்கு நேர் ஒன்று. மூலையில் என் கத்தரி விட்ட சாய்வுக்கு மறுபாதி லேபிளில் இருந்தது. இதைவிட அசல் என்று உலகத்தில் ஒன்று இருக்க முடியாது. கண்ணில் தண்ணீர் வந்தது, தவுக்கே பார்த்தால் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஊசியைப் பழைய துளைகளிலேயே விட்டு, ஒவ்வொரு தையலாகக் கையால் தைத்தேன்.

தவுக்கே நூலைப் பார்த்தார். கடையில் இருந்தது புது வெள்ளை நூல்தான். கெட்டியான தேத்தண்ணியில் ஒரு நாள் நூலை ஊறப் போட்டு, வெயிலில் காயவைத்துத் தைத்தால் இருபது வருஷப் பழசு போல இருக்கும், பிரித்துத் தைத்துவிடு என்றார். எனக்குக் கோபம் வந்தது. போலியைச் செய்கிறவன்தான் நூலை ஊறப் போடுவான், இது அசல், அசலுக்கு எதற்கு வேஷம், நடந்ததை நடந்தபடி சொல்வேன் என்றேன். என் வாழ்க்கையில் நான் பேசிய பெரிய வசனம் அது. தவுக்கே சோற்றுப் பொட்டலத்தை மறுபடி பிரித்துக்கொண்டே சொன்னார்: "உண்மையா இருந்தாலும் பாக்குறவனுக்குக் கொஞ்சம் தேத்தண்ணி வேணும் லா, மணியம்."

நூலைத்தான் முதலில்

வழக்கறிஞர் ஒரு காலை நேரம் ஈஜோக்குக்கு வந்தார். நான் பெல்ட்டுகளை மறுபடி கொக்கியில் மாட்டி வைத்திருந்தேன். கிராணியம்மா புடவை மாற்றி, நெற்றியில் திருநீறு வைத்து நின்றார். மகள் தொழிற்சாலையில் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். வீட்டு மனுப் படிவத்தை உறையில் போட்டுக் கையிலேயே வைத்திருந்தாள்.

அவர் காரைச் சுற்றி வந்தார், பக்கிளைத் தேய்த்துப் பார்த்தார், லேபிளில் மாதத்தைப் படித்துத் தாளோடு ஒப்பிட்டார். முகம் மலர்ந்தது. பிறகு பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். அது லேபிளின் ஓரமாக நகர்ந்து, ஒரு மூலையில் நின்றது. நின்றது நின்றபடியே இருந்தது. "நூல் புதுசா இருக்கே மணியம்" என்றார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். வெட்டியதும் நானே, டின்னில் போட்டதும் நானே, தேடி எடுத்துத் தைத்ததும் நானே என்றேன். வெளுக்காத நீலத்தைக் காட்டினேன், துளைகளைக் காட்டினேன், இடதுகைச் சாய்வைக் காட்டினேன். பேசப் பேச என் குரல் எனக்கே மீன் தவுக்கேயின் குரல் போலக் கேட்டது. அன்று அவர் சொன்ன நாய்க் கதைகூட என் கதையைவிட நம்பத் தகுந்ததாக இருந்தது.

வழக்கறிஞர் கெட்டவர் அல்ல. லேபிள் இல்லாத காரென்று கணக்கில் வைத்து ஒரு விலை சொன்னார். அது முன்பணத்தில் பாதிக்குக்கூட வராது. கிராணியம்மா என்னைப் பார்த்தார், நான் பேசுவேன் என்று. நான் கெஞ்சினேன். பூதக்கண்ணாடியைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டே அவர் சொன்னார்: "நான் உங்கள நம்புறேன் மணியம், ஆனா நாளைக்கு என்கிட்ட வாங்குறவன் 'புது நூல்னா போலி'ன்னு சொல்வான், அத எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதானே."

லோரி வந்த நாள்

மாதக் கடைசி வரை வேறு ஆளைத் தேடினேன். கோலா குபு பாருவில் பழைய கார் வாங்கும் ஒருவரைப் போய்ப் பார்த்தேன். நூலைப் பற்றி அவரும் கேள்விப்பட்டிருந்தார். பாசிர் பெனம்பாங்குக்குப் பிறகு, கண்டுபிடித்த விதியைப் போகிற ஊரிலெல்லாம் பெருமையாகச் சொல்லிப் பரப்பியவன் நானே. மாதம் முடிந்தது. அந்த வீட்டை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். தோட்ட நிர்வாகம் இரண்டு வாரம் கூடுதலாகத் தவணை கொடுத்தது, அதுவும் முடிந்தது.

கடைசியில் காரை வாங்க வந்தவர் பாசிர் பெனம்பாங் மீன் தவுக்கே. காருக்காக அல்ல, இஞ்சினுக்காக. எட்டு சிலிண்டர் இஞ்சின் அவருடைய படகு ஒன்றுக்குப் பொருந்துமாம். லோரியோடு வந்தார். காருக்குள் தலையை விட்டு, பெல்ட்டை இழுத்து, என் வெள்ளைத் தையலை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அன்றைக்கு உங்கள் மனைவியைக் கேட்டிருக்க வேண்டும் என்று மலாயில் சொன்னேன். அவள் இன்னும் உன்னைத் திட்டிக்கொண்டுதான் இருக்கிறாள் என்றார். அதற்கு மேல் என்னைச் சங்கடப்படுத்தவில்லை. அவர் கொடுத்த விலை வழக்கறிஞர் கடைசியாகச் சொன்னதைவிடச் சற்றுக் கூடுதல். ஆனால் வீடு போய்விட்ட பிறகு அதை வைத்து என்ன செய்வது? ரவாங்கில் மகள் தங்கியிருந்த வாடகை அறைக்குப் பக்கத்து அறையை எடுத்துக்கொண்டு கிராணியம்மா குடிபோனார். அறுபது வயதில் மாடிப்படி ஏறி இறங்கும் அறை.

லோரியில் காரை ஏற்றுவதற்கு முன்னால், அந்த இரண்டு பெல்ட்டுகளையும் கிராணியம்மா லோரி ஆட்களிடம் சொல்லிக் கழற்றி வாங்கியிருந்தார். படகுக்குப் பெல்ட் எதற்கு என்று மீன் தவுக்கேயும் விட்டுக்கொடுத்துவிட்டார். கிராணியம்மா இரண்டையும் அழகாக மடித்து, பழைய தமிழ்ப் பத்திரிகைத் தாளில் சுற்றி என்னிடம் நீட்டினார். நான் வேண்டாம் என்றேன். அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகத்தான் சொன்னார்: "நீங்களே வச்சிக்குங்க தம்பி, இது அசல்னு இப்ப உங்களுக்கு மட்டுந்தானே தெரியும்."

அந்தப் பொட்டலம் இன்னும் என் அலமாரியில்தான் இருக்கிறது. அசல் எது போலி எது என்று கண்டுபிடிக்கத் தெரிந்த நான், அசலைக் கையில் வைத்துக்கொண்டு ஒருத்தரையும் நம்பவைக்க முடியாமல் போனதுதான் இந்தத் தொழிலில் நான் கண்ட மிச்சம்.